அக்குள் நிணநீர்க் கணு நீக்கமும் கைவீக்கத் தடுப்பும்: தஞ்சாவூர், சென்னை, கும்மிடிப்பூண்டி – ஓர் அறுவை மருத்துவ வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை நீக்குவது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வழக்கம். அதன் பின்விளைவாகத் தோன்றும் கைவீக்கம், தோள் இறுக்கம், மரத்துப்போதல், ஊனீர்த் தேக்கம் ஆகியவற்றைக் குறைப்பதற்கான நுட்பங்கள் எவ்வாறு உருவாயின என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இவ்வரலாறு மேலைநாட்டு மருத்துவமனைகளில் மட்டும் நிகழ்ந்ததன்று. யானைக்கால் நோய்க்காகத் தஞ்சாவூரில் செய்யப்பட்ட நிணநீர் – சிரை இணைப்பு அறுவைகளும், சென்னையில் வளர்ந்த புற்றுநோய் மருத்துவமும் இதன் பகுதிகளாகும். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உழைக்கும் பெண்களுக்கு இந்நுட்பங்கள் எப்பொருளில் தேவையாகின்றன என்பதும் கட்டுரையின் இறுதியில் விவாதிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அக்குள், நிணநீர்க் கணு, நிணநீர் வீக்கம், யானைக்கால், காவல் கணு, நுண் அறுவை, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி

முன்னுரை

புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் உயிர்பிழைத்தோரின் எண்ணிக்கையைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அறுவைக்குப் பின் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தனர், நோய் மீண்டதா இல்லையா என்பனவே நெடுங்காலம் அதன் அளவுகோல்களாக இருந்தன. உயிர்பிழைத்த பெண் எந்தக் கையால் வாழ்க்கையைத் தொடர்ந்தாள் என்ற கேள்வி அவ்வரலாற்றில் பிற்பாடே இடம்பெற்றது. நோய் நீங்கியபின், சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ, அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்கத் தொடங்கலாம். ஒருமுறை நிலைபெற்ற வீக்கத்தை முற்றாகப் போக்கும் மருத்துவம் இன்றும் இல்லை. ஆகவே அதனை வருமுன் தடுப்பது அறுவை மருத்துவரின் பொறுப்பாகிறது.

கைகளையே முதலாகக் கொண்டு வாழும் மக்களிடையே இக்கேள்வி கூடுதல் கனம் பெறுகிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டம் அத்தகைய நிலப்பகுதி. அதன் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. கிழக்கே பழவேற்காடு ஏரி, மேற்கே பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு நெசவூர்கள், இடையே நெல்வயல்களும் செங்கற்சூளைகளும் உள்ளன. நாற்று நடுபவர், ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், தறியில் அமர்பவர், தொழிற்சாலையில் பொருள்களை அடுக்கிக் கட்டுபவர் என இங்குள்ள பெண்களின் உழைப்பு தோள், முழங்கை, விரல் ஆகிய மூன்றையும் ஒருங்கே வேண்டுவது.

தொழிற்பேட்டைக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் காரணத் தொடர்பு தேடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நோய் வந்தபின் அளிக்கப்படும் அறுவை, உழைக்கும் கையை எவ்வளவு காத்துத் தருகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

நிணம், நிணநீர், யானைக்கால்

தமிழ் மருத்துவக் கலைச்சொற்கள் இவ்வரலாற்றிற்குப் பொருத்தமான நுழைவாயிலாக அமைகின்றன. பண்டைத் தமிழில் ‘நிணம்’ என்பது கொழுப்பைக் குறித்த சொல். இரத்த நாளங்களிலிருந்து கசிந்து, திசுக்களிடையே ஊறி, தனிக் குழாய்கள் வழியே மீண்டும் சிரையை அடையும் நீர்மத்திற்கு ‘நிணநீர்’ என்ற பெயர் பிற்காலத்தில் நிலைபெற்றது. அக்குளைத் திறக்கும் அறுவை மருத்துவருக்குக் கணுக்கள் தனித்தனியே புலப்படுவதில்லை. மஞ்சள் நிறக் கொழுப்பினுள் அவை புதைந்திருக்கும். அக்கொழுப்புத் திரளை ஒட்டுமொத்தமாக நீக்கியே கணுக்கள் நீக்கப்படுகின்றன. நிணம் என்ற பழஞ்சொல்லின் பொருள் அக்குளின் உடற்கூற்றோடு இவ்வாறு ஒத்துப்போகிறது.

இரண்டாவது சொல் ‘யானைக்கால்’. கொசுவழிப் பரவும் நுண்புழுக்களால் நிணநீர்க் குழாய்கள் சிதைந்து கால் பருக்கும் நோயைத் தமிழகக் கடலோர மக்கள் தலைமுறைகளாக அறிவர். 1872இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனித இரத்தத்தில் அந்நுண்புழுக்களைக் கண்டார். புழு அடைத்தாலும், அறுவைக்கத்தி வெட்டினாலும், கதிர்வீச்சு இறுக்கினாலும் விளைவு ஒன்றே: வடிய வேண்டிய நீர் வடிவதில்லை. புரதம் நிறைந்த அந்நீர் தேங்கத் தேங்க, திசு நார்த்தன்மை அடைகிறது. கொழுப்பு பெருகுகிறது. தோல் தடிக்கிறது. சிறு கீறல் வழியே நுழையும் கிருமியும் அங்கே பெருந்தொற்றாக மாறுகிறது. ஒவ்வொரு தொற்றும் எஞ்சிய குழாய்களில் சிலவற்றை அழிப்பதால் வீக்கம் மேலும் கூடுகிறது.

இவ்வொற்றுமையை முதலில் பெயரிலேயே பதித்தவர்களுள் ஒருவர், மார்பகப் பேரறுவையை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். 1921இல் வெளியிட்ட கட்டுரையில், மார்பக அறுவைக்குப் பின் தோன்றும் கைவீக்கத்தை ‘எலிபன்டியாசிஸ் கிருர்ஜிகா’, அதாவது அறுவையால் வந்த யானைக்கால், என்று அவர் குறித்தார். தொற்றே இதற்கு முதன்மைக் காரணம் என்பது அவர் கருத்து. தாம் உருவாக்கிய அறுவையின் விலையைத் தாமே பெயரிட்டு எழுதியது அவரது நேர்மையைக் காட்டுகிறது. எனினும் அறுவையின் அளவைக் குறைக்க வேண்டும் என்ற முடிவிற்கு அவர் வரவில்லை.

பேரறுவையும் அதன் விலையும்

ஹால்ஸ்டெட் இவ்வறுவையை 1882 முதல் செய்துவந்தார். 50 நோயாளிகளைப் பற்றிய அவரது அறிக்கை 1894இல் வெளிவந்தது. மார்பகம், அதன் அடியிலுள்ள பெரிய மார்புத் தசை, அக்குளின் உள்ளடக்கம் முழுவதும் ஒரே திரளாக அகற்றப்பட்டன. புற்றுநோய் ஒரு மையத்திலிருந்து நிணநீர்க் குழாய்கள் வழியே படிப்படியாகப் பரவுகிறது என்ற கொள்கை இதன் அடிப்படை. அக்கொள்கைப்படி எவ்வளவு மிகுதியாக அகற்றினாலும் அது தகும்.

கைவீக்கத்திற்கு அறுவை வழியே தீர்வு காணும் முயற்சிகள் இதே காலத்தில் தொடங்கின. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் சாம்ப்சன் ஹேண்ட்லி, வீங்கிய கையின் தோலடியில் பட்டு நூல்களைப் பதித்து, அவற்றின் வழியே நீர் மேலேறிச் செல்லும் என்று எதிர்பார்த்தார். 1908இல் இம்முறையை அவர் வெளியிட்டார். நூலைச் சுற்றி நார்த்திசு வளர்ந்ததால் அப்பயன் நிலைக்கவில்லை. தடித்த திசுவை வெட்டியெடுத்துத் தோல் ஒட்டும் முறை இன்றும் சார்ல்ஸ் அறுவை என அழைக்கப்படுகிறது. கல்கத்தாவில் பணியாற்றிய ஹேவ்லாக் சார்ல்ஸ் உண்மையில் விரிவாகப் பதிவுசெய்தது விரைப்பை யானைக்கால் அறுவைகளையே என்பதையும், கால் அறுவையோடு அவர் பெயர் பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்பதையும் பின்வந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. மேலைநாட்டு நூல்களில் நிலைத்துவிட்ட ஒரு பெயருக்குப் பின்னே இந்திய யானைக்கால் நோயாளிகள் இருப்பது இங்குக் கருதத்தக்கது.

பேரறுவை மெல்லச் சுருங்கியது. 1948இல் பேட்டியும் டைசனும் பெரிய மார்புத் தசையை விட்டுவைத்தனர். 1963இல் ஆக்கின்கிளாஸ் இரு மார்புத் தசைகளையும் காத்து, அக்குளின் உச்சிப் பகுதியைத் தொடாமல் விட்டார். சிறிய மார்புத் தசையை எல்லையாகக் கொண்டு அக்குள் மூன்று அடுக்குகளாகப் பகுக்கப்பட்டதும், முதலிரு அடுக்குகளோடு நிறுத்துவது போதும் என்ற வழக்கம் வலுத்தது. அக்குள் சிரையின் உறையை உரித்தெடுக்காமல், அதற்கு மேலுள்ள திசுவைத் தொடாமல் விடுவது கையின் நிணநீர்ப் பாதைகளைக் காக்கிறது என்பதும் இக்காலத்தில் தெளிவாயிற்று.

நரம்புகளும் இவ்வாறே கணக்கில் சேர்ந்தன. நெடிய மார்பு நரம்பு அறுபட்டால் தோள்பட்டை எலும்பு சிறகுபோல் புடைக்கும். முதுகின் அகன்ற தசைக்குச் செல்லும் நரம்பு அறுபட்டால் கையைப் பின்னிழுக்கும் ஆற்றல் குறையும். மேற்கையின் உட்புறத்திற்கு உணர்வு தரும் விலாவிடை–புய நரம்பை நெடுங்காலம் பலர் பொருட்படுத்தாமல் வெட்டினர். அதனைக் காத்தால் மரத்துப்போதலும் எரிச்சலும் குறைகின்றன.

அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய ‘பி–04’ என்னும் ஒப்பாய்வு ஹால்ஸ்டெட்டின் கொள்கையையே அசைத்தது. பெர்னார்டு ஃபிஷர் தலைமையில் நடந்த அவ்வாய்வில், கணுக்கள் கைக்குத் தட்டுப்படாத பெண்களிடையே, அக்குளை உடனே அறுத்தவருக்கும், அறுக்காமல் விட்டு நோய் தோன்றினால் மட்டும் அறுத்தவருக்கும் வாழ்நாளில் வேறுபாடு காணப்படவில்லை. 2002இல் வெளியான 25 ஆண்டு முடிவும் இதனை உறுதிசெய்தது. கணு நீக்கம் உயிரைக் காக்கும் செயலாக அன்றி, நோயின் நிலையை அறியும் வழியாகவே பெரிதும் பயன்படுகிறது என்ற எண்ணம் இதன்பின் பரவியது. அறிவதற்காகச் செய்யும் ஒன்றுக்காகக் கையை இழக்க வேண்டுமா என்ற கேள்வி இங்கிருந்தே கூர்மை பெற்றது.

சென்னையின் புற்றுநோய் மருத்துவம்

சென்னையில் கதிர்வீச்சு மருத்துவம் 1934இல் திறக்கப்பட்ட பார்னார்டு கதிரியல் நிறுவனத்தால் நிறுவன வடிவம் பெற்றது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை இடைவிடாது முன்வைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், தம் தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்டவர். இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியின் வழியே திரட்டப்பட்ட பொருளால் 1952இல் அடையாறில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1954இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் இயங்கத் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனைக் கட்டியெழுப்பினர்.

அடையாறுக்கு வந்த மார்பக நோயாளிகளுள் பெரும்பகுதியினர் நோய் முற்றிய நிலையில், கட்டி பெரிதாகி, அக்குள் கணுக்கள் திரண்ட பின்னரே வந்தனர். எனவே அறுவைக்கு முன்பே வேதிமருந்தும் கதிர்வீச்சும் அளித்துக் கட்டியைச் சுருக்கும் முறை அங்கு வளர்ந்தது. 1990 முதல் 1999 வரை அவ்வாறு சிகிச்சை பெற்ற பெண்களைப் பற்றிய பின்னோக்காய்வு 2008இல் சாந்தாவும் அவர்தம் குழுவினரும் எழுதி வெளிவந்தது. முற்றிய நோயிலும் நீண்ட வாழ்நாள் இயலும் என்பதை இவ்வணுகுமுறை காட்டியது.

ஆயினும் இங்கே ஓர் இடர் தங்கியுள்ளது. அக்குள் அறுவையும் அக்குளுக்கான கதிர்வீச்சும் ஒரே கையில் சேரும்போது நிணநீர் வீக்கத்திற்கான வாய்ப்பு, தனித்தனியே இருப்பதைவிட மிகுகிறது. முற்றிய நோயோடு வரும் பெண்ணுக்கு இவ்விரண்டும் தேவைப்படுகின்றன. தொடக்க நிலையில் வருபவர் குறைந்த அறுவையோடு வீடு திரும்ப, தாமதமாக வருபவரே மிகுதியான அறுவையையும் மிகுதியான கைவீக்கத்தையும் ஏற்கிறார்.

1981இல் அடையாறில் தொடங்கிய சென்னை மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு, பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பின்தள்ளி மார்பகப் புற்றுநோய் முதலிடத்திற்கு வந்த மாற்றத்தைப் பதிவுசெய்தது. 2012இல் தொடங்கிய தமிழ்நாடு பதிவேட்டுத் திட்டம் திருவள்ளூர் உள்ளிட்ட எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்கியது. இத்தகைய பதிவேடுகள் நோயின் வருகையையும் இறப்பையும் எண்ணுவதற்காக அமைந்தவை. கையின் நிலை அவற்றின் வரையறைக்குள் வருவதில்லை.

தஞ்சாவூரின் நிணநீர் – சிரை இணைப்பு

சென்னையில் புற்றுநோய் மருத்துவம் வளர்ந்த அதே காலத்தில், காவிரிப் படுகையில் வேறொரு மரபு உருவாயிற்று. போலந்தின் வார்சாவில் நீலுபோவிச்சும் ஓல்ஷெவ்ஸ்கியும் 1960களில் நிணநீர்க் கணுவைச் சிரையோடு இணைக்கும் அறுவையை அறிமுகப்படுத்தினர். தேங்கிய நீருக்குப் பழைய பாதை அடைபட்டிருந்தால், அருகிலுள்ள சிரைக்குள் புதுப் பாதை திறந்துவிடுவதே இதன் கருத்து. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் ஒட்டறுவை மருத்துவர் எஸ். ஜமால் இத்தகைய இணைப்பு அறுவைகளை யானைக்கால் நோயாளிகளுக்குச் செய்து, அவ்வனுபவத்தை 1981இல் ‘லிம்ஃபாலஜி’ என்னும் பன்னாட்டு இதழில் வெளியிட்டார்.

கணு – சிரை இணைப்பில், தொடையிடுக்கிலுள்ள கணு குறுக்கே வெட்டப்பட்டு, அதன் உறை சிரையின் பக்கவாட்டுத் திறப்போடு தைக்கப்படுகிறது. கணுவிற்குள் வந்துசேரும் பல குழாய்களின் நீரும் ஒரே இணைப்பின் வழியே சிரைக்குள் வடிகிறது. தனித்தனிக் குழாய்களை இணைப்பதைவிட இது எளிது. யானைக்கால் நோயில் கணுக்கள் நீங்குவதில்லை என்பதால்தான் இம்முறை அங்கு இயலுகிறது. மார்பகப் புற்றுநோயில் நிலைமை நேர்மாறு. அங்குக் கணுக்களே அகற்றப்பட்டுவிட்டன. எஞ்சுவன நூலிழை போன்ற குழாய்கள் மட்டுமே. ஆகவே தஞ்சாவூரின் நோக்கம் மார்பக அறுவைக்கு அப்படியே பொருந்தினாலும், அதன் தையல்முறை பொருந்தாது. குழாயைச் சிரையோடு இணைக்க நுண்நோக்கியும் மிக மெல்லிய நூலும் தேவைப்பட்டன. 1970களில் ஆஸ்திரேலியாவின் ஓபிரையனும், பின்னர் ஜப்பானின் கோஷிமாவும் அந்நுட்பத்தை வளர்த்தனர்.

ஒரு நோயின் தீர்வை மற்றொன்றுக்கு மாற்றுவதில் உள்ள எல்லையைத் தஞ்சாவூரோடு தொடர்புடைய இன்னொரு நிகழ்வும் காட்டுகிறது. கூமரின் என்னும் மருந்து யானைக்கால் வீக்கத்தைக் குறைக்கிறது என்று ஜமாலும், ஆஸ்திரேலியாவின் காஸ்லி–ஸ்மித் இணையரும் 1989இல் தொடக்க முடிவுகளை வெளியிட்டனர். நம்பிக்கையோடு அம்மருந்து மார்பக அறுவைக்குப் பிந்தைய கைவீக்கத்திற்கும் அளிக்கப்பட்டது. ஆனால் 140 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 1999இல் வெளியான ஒப்பாய்வில் அது பயனளிக்கவில்லை. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் நேர்ந்தது. வீக்கம் ஒன்றுபோல் தோன்றினும், அதன் காரணமும் களமும் வேறாயின் மருந்தின் பயனும் வேறாகலாம் என்பது இதனால் அறியப்படுகிறது.

குறைவாக அறுத்தல்

பின்விளைவைத் தவிர்க்கும் மிக உறுதியான வழி, தேவையற்ற அறுவையைத் தவிர்ப்பதே. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் கணுவை மட்டும் கண்டெடுத்துச் சோதித்தால், அங்கு நோய் இல்லையெனில் பிற கணுக்களை விட்டுவிடலாம். ‘காவல் கணு’ எனப்படும் இக்கருத்தை 1977இல் கபானாஸ் ஆண்குறிப் புற்றுநோயிலும், 1992இல் மார்டன் கருநிறத் தோல் புற்றுநோயிலும் பயன்படுத்தினர். 1993இல் கிராக் கதிரியக்கத் துகளையும், 1994இல் ஜூலியானோ நீலச் சாயத்தையும் கொண்டு மார்பகப் புற்றுநோயில் அதனை நிறுவினர். 2006இல் வெளியான பிரித்தானிய ‘அல்மனாக்’ ஆய்வில், ஓராண்டு முடிவில் கைவீக்கம் காவல் கணு முறையில் 5 விழுக்காடாகவும், வழக்கமான முறையில் 13 விழுக்காடாகவும் இருந்தது. கணுவில் நோய் இருந்தவர்களிடையே அக்குள் அறுவையையும் கதிர்வீச்சையும் ஒப்பிட்ட ‘அமரோஸ்’ ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஐந்தாண்டு முடிவில் கைவீக்கம் அறுவையில் 23 விழுக்காடு, கதிர்வீச்சில் 11 விழுக்காடு. நோய்க் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்திய மருத்துவமனைகள் இம்முறையை ஏற்கையில் கருவியும் செலவும் தடையாயின. கதிரியக்கத் துகளுக்கு அணுமருத்துவப் பிரிவும் உணர்கருவியும் வேண்டும். இதற்கு இந்தியாவில் இரு விடைகள் தோன்றின. முதலாவது, விலையுயர்ந்த சாயங்களுக்கு மாற்றாக எளிதில் கிடைக்கும் மெத்திலீன் நீலத்தைப் பயன்படுத்துவது. இரண்டாவது, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை வளர்த்தெடுத்த ‘கீழ் அக்குள் மாதிரியெடுப்பு’. முதல் விலாவிடை–புய நரம்பிற்குக் கீழுள்ள கொழுப்பையும் கணுக்களையும் ஒரு திரளாக எடுத்துச் சோதிப்பது இதன் வழி. சாயமும் கருவியும் இதற்குத் தேவையில்லை. எங்கும் கிடக்கும் ஒரு நரம்பே எல்லைக்கோடாகிறது. ஒரே பெண்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட அம்மருத்துவமனையின் ஆய்வு 2013இல் வெளியாகி, மாதிரியெடுப்பு காவல் கணு முறைக்கு ஈடானது எனக் காட்டியது.

ஊனீர்த் தேக்கத்தைக் குறைப்பதிலும் எளிய கேள்விகள் பயன்தந்தன. அறுவைக்குப் பின் வைக்கப்படும் உறிஞ்சு வடிகுழாயில் முழு உறிஞ்சலுக்கு மாறாகப் பாதி உறிஞ்சல் போதுமா என்று புதுதில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் சிந்தாமணியும் குழுவினரும் ஆராய்ந்தனர். பாதி உறிஞ்சலில் வடியும் நீரும், மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைந்தன என்று 2005இல் அவர்கள் தெரிவித்தனர். செலவே இல்லாத இம்மாற்றம், தொலைவூரிலிருந்து வந்து கூலியிழந்து தங்கியிருக்கும் நோயாளிக்கும் அவருடன் இருப்பவருக்கும் பொருளுடையது.

எனினும் காவல் கணு முறைக்கு வரம்புண்டு. வேதிமருத்துவத்திற்குப் பின் கணு நோயற்றதாகத் தோன்றும் பெண்களிடம் அதனைச் சோதித்த அமெரிக்க ஆய்வொன்றில், 2013ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நோயிருந்தும் இல்லையெனக் காட்டிய பிழை 12.6 விழுக்காடு. முன்பே குறியிட்டு வைத்த கணுவையும் சேர்த்தெடுக்கும் முறை இப்பிழையைக் குறைக்கிறது. சிகிச்சைக்குப் பின்னும் கணுக்கள் நோயுற்றே இருந்தால் முழு நீக்கமே வழி. முற்றிய நிலையில் வருவோர் மிகுந்த ஒரு நாட்டில் முழு நீக்கம் மறையப்போவதில்லை.

வெட்டிய இடத்திலேயே இணைத்தல்

முழு நீக்கம் தவிர்க்கவியலாத இடத்தில் கையை எவ்வாறு காப்பது? 2007இல் இருவேறு குழுக்கள், அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஒன்றும் பிரான்சில் ஒன்றும், ஒரே விடையை முன்வைத்தன. மேற்கையில் நீலச் சாயத்தைச் செலுத்தினால் கையின் நிணநீர்ப் பாதைகள் அக்குளில் நீலமாகப் புலப்படும். மார்பகத்தின் பாதைகளிலிருந்து அவற்றைப் பிரித்தறிந்து விட்டுவைக்கலாம். ‘தலைகீழ் வரைவு’ எனப்படும் இம்முறையில் ஓர் ஐயம் உண்டு. கைக்கும் மார்பகத்திற்கும் பொதுவான கணுவும் சிலரிடம் இருக்கும். நோய் மிகுந்த அக்குளில் அதனை விட்டுவைப்பது இடராகலாம்.

நோயுள்ள கணுவை நீக்கியே ஆகவேண்டுமெனில், அதற்கு வரும் கைக்குழாய்களை அதே அறுவையில் அருகிலுள்ள சிரைக்கிளைக்குள் செருகித் தைக்கலாம் என்றார் இத்தாலியின் ஜெனோவாவைச் சேர்ந்த பொக்கார்டோ. 2009இல் வெளியான இம்முறை ‘லிம்ஃபா’ என அழைக்கப்படுகிறது. நான்காண்டுகள் பின்தொடரப்பட்ட 74 நோயாளிகளில் மூவருக்கே வீக்கம் நிலைத்தது என அக்குழு 2014இல் தெரிவித்தது. ஒரு குழுவின் தொடர் பதிவான இதற்கு ஒப்பாய்வின் வலுவைத் தரலாகாது. பின்னர் நுண்நோக்கியின்றி, மார்பக அறுவை மருத்துவரே செய்யத்தக்க எளிய வடிவமும் அமெரிக்காவில் உருவானது.

யானைக்கால் நோயாளிக்குத் தஞ்சாவூரில் வீக்கம் வந்தபின் செய்யப்பட்டதன் அடிப்படைக் கருத்து, இங்கு வீக்கம் வருமுன் செய்யப்படுகிறது. நார்த்தன்மை ஏறாத, இன்னும் சுருங்கி விரியும் ஆற்றலுள்ள குழாய் கிடைப்பதே இக்கால மாற்றத்தின் பயன்.

திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி: நுட்பம் வந்துசேரும் வழி

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை புறநகர் இரயிலில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அங்கிருந்து அடையாறு நகரின் மறுகோடியில் உள்ளது. வடபகுதி மக்களுக்கு அண்மைய பெரிய அரசு மருத்துவமனை ஸ்டான்லி. திருவள்ளூர் மாவட்டத்திற்கெனத் தனி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது.

ஸ்டான்லிக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவைக்கெனத் தனித் துறையைக் கட்டியெழுப்பினார். இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்த தொழிலாளரின் விரல்களையும் கைகளையும் மீட்பது அத்துறையின் பெரும்பணி. அறுந்த விரலின் நாளத்தை இணைக்கும் நுண் அறுவைத் திறன், நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைக்கவும் அடிப்படையானது. வடசென்னையிலும் திருவள்ளூரிலும் தொழில் வளர்ச்சி உண்டாக்கிய காயங்களால் தேர்ந்த ஒரு திறன், மார்பக அறுவைக் கூடத்திற்கும் உதவக்கூடியது என்பது இதனால் பெறப்படுகிறது.

சட்டமும் நலத்திட்டங்களும் கையை எவ்வாறு காண்கின்றன என்பதும் கருதத்தக்கது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டப்படி, பணியிடத்தில் விரலிழந்தவருக்கு நிரந்தர ஊனத்திற்கான பயன் உண்டு. புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் உண்டு. புற்றுநோய் அறுவையால் வீங்கிய கை பணியிடக் காயமன்று. ஆதலால் அது முதல் வகையில் அடங்குவதில்லை. நான்காம் நிலை யானைக்கால் நோயாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை வழங்குகிறது. அத்திட்டம் யானைக்கால் நோயை முன்னிறுத்தி அமைந்தது. ஹால்ஸ்டெட் 1921இல் ஒரே பெயரால் குறித்த இரு வீக்கங்களும் நலத்திட்டத்தில் இருவேறாக நிற்கின்றன.

அறுவைக்குப் பிந்தைய அறிவுரையின் வரலாறும் இப்பெண்களைத் தொடுகிறது. கனம் தூக்காதே, காயம் படாமல் பார்த்துக்கொள் என்பதே நெடுங்கால அறிவுரை. சூளையில் கல் சுமப்பவரும், உவர்நீரில் இறால் துழாவுபவரும் இதனைக் கடைப்பிடித்தால் வருவாயை இழப்பர். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஒப்பாய்வொன்று, கைவீக்கமுள்ள 141 பெண்களிடையே, மேற்பார்வையோடு படிப்படியாகக் கூட்டிய எடைப்பயிற்சி வீக்கத்தை மிகுவிக்கவில்லை என நிறுவியது. அழுத்தவுறை அணிந்து அளவோடு கூட்டிய பயிற்சி அது. கட்டுப்பாடற்ற கூலிச்சுமையோடு அதனை ஒன்றாக்கலாகாது. ஆனால் உழைப்பையே விலக்கும் அறிவுரைக்கு இருந்த அடிப்படை தளர்ந்தது. காயத்தைப் பொறுத்தவரை பழைய அறிவுரை மாறவில்லை. தொற்று இன்றும் வீக்கத்தின் முதன்மைத் தூண்டுகோல்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீடுதேடி வருகிறது. தோள் பயிற்சியும், இரு கைகளின் சுற்றளவை நாடாவால் அளந்து ஒப்பிடுவதும் பெருங்கருவி வேண்டாதவை. அறுவைக்கு முன்பே ஒருமுறை அளந்து குறித்துவைத்தால், பின்னர் தோன்றும் சிறு மாற்றமும் தெரியும். தொடக்க வீக்கத்தை அழுத்தக் கட்டாலும் பயிற்சியாலும் கட்டுக்குள் வைக்க முடிகிறது.

முடிவுரை

அக்குள் அறுவையின் வரலாறு மூன்று நிலைகளாக அமைந்துள்ளமை இவ்வாய்வால் தெளிவாகிறது. முதல் நிலையில், உயிரைக் காக்கும் நோக்கில் கையின் இழப்பு ஏற்கப்பட்டது. இரண்டாம் நிலையில், உயிருக்குக் கேடின்றிக் கணுக்களை விட்டுவைக்க முடியும் என்பது ஒப்பாய்வுகளால் நிறுவப்பட்டது. மூன்றாம் நிலையில், நீக்கியே ஆகவேண்டிய இடத்திலும் வடிகால் பாதையை உடனே மீட்கும் முயற்சி தொடங்கியது. இரண்டாம் நிலையின் பயன் தொடக்கத்தில் நோய் கண்டறியப்பட்ட பெண்களுக்கே முழுமையாகக் கிட்டுகிறது. தாமதமாக வருவோர்க்கு மூன்றாம் நிலையே துணை.

இவ்வரலாற்றில் தமிழகம் ஏற்பிடம் மட்டுமன்று. யானைக்கால் நோயோடு தஞ்சாவூர் பெற்ற அனுபவம், முற்றிய நோயோடு அடையாறு பெற்ற அனுபவம், சிதைந்த கைகளோடு ஸ்டான்லி பெற்ற அனுபவம் ஆகிய மூன்றும் தனித்தனி மரபுகளாக வளர்ந்தவை. கைவீக்கத் தடுப்பு இம்மூன்றும் சந்திக்க வேண்டிய இடம். மாநிலப் பதிவேட்டில் வாழ்நாளோடு கையின் சுற்றளவும் ஒரு பதிவாகச் சேருமாயின், கும்மிடிப்பூண்டியிலிருந்து செல்லும் ஒரு பெண்ணுக்கு எந்நுட்பம் உண்மையில் பயன்தந்தது என்பதை இனிவரும் ஆய்வாளர் இங்கிருந்தே கூற இயலும். அதுவரை இவ்வினாவிற்கு மிலானிலும் ஆர்கன்சாவிலும் பெறப்பட்ட விடைகளையே நாடவேண்டியிருக்கும். நடவு வயலிலும் தறியிலும் உழைக்கும் கைகளை அவ்வூர்களின் அளவுகள் கொண்டு மதிப்பிடுவது போதுமானதன்று.